இருபத்துநான்கு வேலிக் குடியானவன்

ஆறும் வாய்க்காலும் குறுக்கும் நெடுக்குமாக ஓட, ஆடி முதல் தை வரையில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையையே பார்த்துப் பழகிய தஞ்சாவூர்ச் சீமையின் மனிதர்களுக்கு, ஒரு சொட்டு ஈரமில்லாத பாறைகளுக்கிடையே புழுதி பறக்கக் குதிரையோட்டிச் செல்லும் அமெரிக்க மாட்டுக்காரர்களின் கதைகளில் அத்தனை மோகம் எப்படி உண்டாயிற்று என்று என்னைப் பலர் கேட்டதுண்டு. சென்னைப் பட்டணத்து நண்பர்கள், துப்பாக்கிச் சத்தத்தின் மேலுள்ள பிரியம் என்றும், இல்லாததை நாடும் மனித சுபாவம் என்றும் தாங்களே சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், 1950-களின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் தஞ்சையில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நடுநிசி வரையில் தர்க்கம் செய்த ஒரு சிறு கூட்டத்தில் நானும் இருந்தவனாகையால், எனக்குத் தெரிந்த காரணம் வேறு. கோர்ட்டு வழக்கையும் கச்சேரியையும் சமமான சிரத்தையோடு ரசிக்கும் ஊர் எங்களுடையது. திரையில் எவன் முதலில் சுட்டான் என்பதைக் காட்டிலும், எதற்காகச் சுட்டான், நிலம் எவன் பேரில் இருந்தது, தண்ணீர்ப் பாத்தியதை எவனுக்கு என்ற விஷயங்களே எங்களைத் தூங்கவிடாமல் அடித்தன.

கூட்டம் கூடுமிடம் புதாற்றங்கரை. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ஐ ஒட்டி உருவான கல்லணைக் கால்வாய்க்குத் தஞ்சையில் இன்றும் புதாறு என்றே பெயர். ரயில் நிலையத்திலிருந்து கோட்டைப் பக்கம் போகும் சாலையில் இர்வின் பாலத்தின் கீழாக அது செல்கிறது. ஜூன் 12-ந் தேதி மேட்டூர் திறந்து ஜனவரி 28-ல் மூடும் வரையில் கரையில் உட்காருவோம். மூடியபின், காய்ந்து கிடக்கும் ஆற்றுக்குள்ளேயே இறங்கி மணலில் உட்கார்ந்துகொள்வோம். மாசி, பங்குனி மாதங்களில் அந்த மணலும், இரண்டு பக்கத்துக் கரைமேடும், நிலா வெளிச்சமும் சேர்ந்து எங்களுக்கு வேண்டிய அரிஸோனாவை வேறெங்கும் தேடாதபடி செய்துவிடும்.

கூட்டத்தின் மூத்தவர் ஒரு ரயில்வே குமாஸ்தா. பொன்மலைப் பட்டறையில் சில காலம் உத்தியோகம் பார்த்து, அங்கிருந்த ஆங்கிலோ-இந்திய டிரைவர்களோடு பழகியதால், திரையில் பேசப்படும் இங்கிலீஷ் எங்களில் அவருக்கு மட்டும் முழுக்க விளங்கும். அல்லது விளங்குவதாக நாங்கள் நம்பினோம். அவரை 'சார்' என்போம். அடுத்தவன் வெண்ணாற்றங்கரைக் கிராமமொன்றின் மிராசுதார் வீட்டுப் பிள்ளை. கல்லூரியில் என்னோடு வாசித்தவன். மூன்றாமவன் பாபநாசம் பக்கத்துக் குத்தகைக்காரரின் மகன். அவனும் எங்கள் வகுப்புத்தான். தன் ஊரில் மிராசுதார் பிள்ளைகள் எவரையும் 'சின்னய்யா' என்றே விளிக்க வேண்டியிருந்த அவன், புதாற்றங்கரையில் மட்டும் எங்கள் மிராசுதார் பிள்ளையை 'டேய்' என்று கூப்பிடுவான். அந்த ஈரெழுத்துச் சுதந்திரத்துக்காகவே அவன் ஒருநாள் தவறாமல் வந்தான் என்று எனக்கு ஒரு சந்தேகமுண்டு. இவர்களோடு கரந்தையிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் புலவர், பொய்க்கால் குதிரை ஆட்டக்காரர் ஒருவர், சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பண்ணையாள் குடும்பத்து இளைஞன் ஒருவன். நான் பள்ளிக்கூட வாத்தியார் மகன், நிலமில்லாதவன். ஆகையால் வழக்கில் எனக்கு எப்பொழுதும் மத்தியஸ்தர் உத்தியோகம்.

அந்நாளில் ஜில்லாத் தலைநகர்களுக்கு இங்கிலீஷ் படம் வருவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியாகத்தான். சென்னையில் காஸினோவிலும் மினர்வாவிலும் ஓடி முடிந்து, பல ஊர்களைச் சுற்றித் தேய்ந்த பிரதி எங்களிடம் வந்து சேர்வதற்குள் வருஷங்கள் ஆகிவிடும். பிலிமில் விழுந்த கீறல்களால் படம் நெடுக மழை பெய்துகொண்டே இருக்கும். மழையே காணாத பூமி என்று கதாபாத்திரங்கள் புலம்பும்போது எங்கள் கொட்டகையில் அடைமழை கொட்டும். நோட்டீஸில் கதாநாயகன் பெயர் இருக்காது. குதிரைச் சண்டைகளும் துப்பாக்கிச் சண்டைகளும் நிறைந்த மகத்தான சித்திரம் என்றிருக்கும். பொறுக்காத வாரங்களில் பாஸஞ்சர் ரயிலேறித் திருச்சிராப்பள்ளி பிளாஸாவுக்குப் போய்வருவதும் உண்டு. ரயில் செலவு குமாஸ்தா சாருக்கு மட்டும் இல்லை.

குமாஸ்தா சார் காரி கூப்பர் பக்ஷம். 1952-ல் வெளிவந்த 'ஹை நூன்' அவருக்கு வேதம். ஊரைக் காத்த ஒரு மார்ஷல், பழிவாங்க வரும் கொலைகாரனை எதிர்கொள்ளத் துணை கேட்டு வீடு வீடாகப் போய், எல்லோராலும் கைவிடப்பட்டுத் தன்னந்தனியே தெருவில் நிற்கிற கதை. சுமார் எண்பத்தைந்து நிமிஷப் படம். கதையில் கடக்கும் நேரமும் ஏறக்குறைய அதுவேதான். கொலைகாரன் பகல் பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறான். "ஒரு வண்டி குறிச்ச நேரத்துக்கு வந்து சேர்றதை நான் சினிமாவிலதான்யா பார்த்தேன்" என்று சார் சொல்லும்போது, அது அமெரிக்க ரயில்வேக்குப் பாராட்டா, தம்முடைய இலாகாவின் மேல் குறையா என்று தெரியாது. மிராசுதார் பிள்ளைக்கு இந்தப் படம் பிடிக்கவே பிடிக்காது. அதிகாரத்திலிருப்பவன் ஊராரிடம் போய்க் கைநீட்டலாமா என்பது அவனுடைய ஆக்ஷேபம். பிற்காலத்தில் ஒரு விஷயம் படித்து வியந்தேன்: ஜான் வேய்னும் டைரக்டர் ஹாவர்டு ஹாக்ஸும் இதே ஆக்ஷேபத்தைத்தான் எழுப்பினார்கள், அதற்கு மறுமொழியாகவே 1959-ல் 'ரியோ பிராவோ'வை எடுத்தார்கள். வெண்ணாற்றங்கரையில் பிறந்த அபிப்பிராயம் ஹாலிவுட்டிலும் தனியே பிறந்திருந்தது.

ஆகவே அவன் ஜான் வேய்ன் பக்ஷம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் 1948-ல் வந்த 'ரெட் ரிவர்'. அதில் வேய்ன் ரியோ கிராண்டே நதிக்கரைக்கு ஒரு காளையோடும் ஒரு பையனோடும் வந்து நின்று, கண்ணில் பட்ட பூமியெல்லாம் இனி என்னுடையது என்கிறார். நிலம் எங்கள் எஜமானருடையது என்று சொல்ல வந்த ஆளைச் சுட்டுப் புதைத்துவிட்டு, பதினாலு வருஷத்தில் ஆயிரக்கணக்கான மாடுகளுக்கு அதிபதியாகிறார். இந்தக் காட்சியைப் பற்றிப் பேச்செழுந்தால் குத்தகைக்காரர் மகன் கேட்பது ஒரே கேள்விதான்: "பட்டா எங்கே?" மிராசுதார் பிள்ளை சிரித்துக்கொண்டே, "தோட்டாதாண்டா பட்டா" என்பான். அந்தச் சிரிப்பில் கர்வம் இருந்ததாக நான் அப்போது நினைத்தேன். தன் குலத்தின் பூர்வோத்தரத்தைப் பற்றி அவனுக்கே ஓர் ஐயம் இருந்து, அதைத்தான் அப்படி வேடிக்கையாக வெளியிட்டான் என்று இப்போது தோன்றுகிறது.

பொய்க்கால் குதிரை வாத்தியாருக்கு நிலமும் பட்டாவும் ஒரு பொருட்டல்ல. மராட்டியர் காலத்தில் தஞ்சைக்கு வந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கலையில், கட்டைக்காலில் நின்றபடி இடுப்பில் குதிரைக் கூட்டைச் சுமந்து, தாமே குதிரையும் தாமே வீரருமாக ஆடியவர் அவர். குதிரை எப்படித் தலையை ஆட்டும், நிற்கும்போது எந்தக் காலைத் தளர்த்தும் என்பதெல்லாம் அவருக்குத் தொழில் ரகசியம். கூப்பரைப் பற்றி அவர் சொன்ன தீர்ப்பு: "இந்த ஆளு சினிமாவுக்கு வந்து ஏறினவன் இல்லை, பிறந்து விழுந்ததிலேருந்து ஏறினவன்." கூப்பர் 1901-ல் மான்டானா மாகாணத்தில் பிறந்து, தகப்பனாரின் பண்ணையில் குதிரையேறி வளர்ந்து, குதிரைச் சாகசக்காரராகவே படங்களில் முதலில் வேலை பார்த்தவர் என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது. 'ஷேன்' படத்துக் கதாநாயகன் ஆலன் லாடைப் பற்றி வாத்தியார், குதிரை நல்ல குதிரை என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

1961 மே மாதம் 13-ந் தேதி கூப்பர் காலமானார். செய்தி பத்திரிகையில் வந்த அன்று மாலை கரைக்கு வந்த குமாஸ்தா சார், வேய்ன் பக்ஷத்தார் எவரோடும் வாதாடவில்லை. பங்காளி இறந்ததைப்போலத் தலைமுழுகலாமென்றாலும், மே மாதமாகையால் புதாற்றில் தண்ணீர் இல்லை என்று புலவர் மெதுவாகச் சொன்னார். சார் கோபித்துக்கொள்ளவில்லை.

இனி 'ஷேன்' படத்துக்கு வருகிறேன். அந்த ஒரு படத்துக்காக நாங்கள் செலவழித்த இராத்திரிகளைச் சட்டப் படிப்பில் செலவழித்திருந்தால் எங்களில் இரண்டு பேராவது வக்கீலாகியிருக்கலாம். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் 1953-ல் எடுத்த இந்தப் படத்தில், வையோமிங் பள்ளத்தாக்கொன்றில் ஸ்டாரட் முதலிய குடியானவர்கள் வேலி போட்டு விவசாயம் செய்கிறார்கள். ரைக்கர் என்ற மாட்டுப் பண்ணைப் பிரபு, வேலிகளால் தன் மாடுகளுக்கு மேய்ச்சலும் தண்ணீரும் தடைப்படுகின்றன என்று அவர்களை விரட்டப் பார்க்கிறான். எங்கிருந்தோ வந்த துப்பாக்கிக்காரன் ஷேன், ஸ்டாரட்டின் வீட்டில் கூலியாளாகத் தங்குகிறான். குடியானவர்களில் ஒருவனைக் கறுப்புடை அணிந்த அடியாள் ஒருவன் சுட்டுக்கொல்லும் காட்சி மழைபெய்த தெருவில் நடக்கிறது. சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்துவரும் அந்த ஏழைக்கும், காய்ந்த பலகைத் தாழ்வாரத்தில் கால் நனையாமல் நிற்கும் அந்தக் கொலைகாரனுக்கும் உள்ள பேதத்தைப் பாமரரும் உணரும்படி காட்டிவிட்டார் டைரக்டர். சேற்றில் நிற்பவன் யார், வரப்பில் நிற்பவன் யார் என்று எங்களுக்கு யாரும் வியாக்கியானம் செய்ய வேண்டியிருக்கவில்லை. தரை டிக்கெட்டிலிருந்து எழுந்த பெருமூச்சு என் காதில் இன்னும் இருக்கிறது.

வழக்கின் சிக்கல் எதில் என்றால், ரைக்கர் வெறும் வில்லன் அல்லன். அவனுக்கு ஒரு கட்சி இருக்கிறது. படத்தில் ஓரிடத்தில் அதை அவன் மனமுருகவே எடுத்துரைக்கிறான். நீங்கள் வருவதற்கு முன்னே நாங்கள் வந்தோம், இரத்தம் சிந்தினோம், இந்தப் பூமியை மனிதர் வாழத்தக்கதாக்கினோம் என்பது அவன் வாதம். மிராசுதார் பிள்ளை இந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டான். அவனுடைய முப்பாட்டனார் காடு திருத்தி வாய்க்கால் வெட்டியதாக வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் அவன். 1952-ல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1956-ல் நன்செய் மகசூலில் நிலக்காரர் பங்கு நூற்றுக்கு நாற்பது என்று வரையறுத்த நியாய வாரச் சட்டமும் அவன் வீட்டுத் திண்ணையில் எவ்வளவு கசப்போடு பேசப்பட்டன என்பது எங்களுக்குத் தெரியும். எதிர்க்கட்சிக்காரனான குத்தகைக்காரர் மகனுக்கோ ஷேன்கூட முக்கியமில்லை. ஸ்டாரட்தான் அவனுடைய கதாநாயகன். முற்றத்திலிருக்கும் பெரிய அடிமரத்தை ஷேனும் ஸ்டாரட்டுமாகச் சேர்ந்து பெயர்க்கும் காட்சி வரும்போது அவன் பெஞ்சியின் நுனிக்கு வந்துவிடுவான்.

அப்போதுதான் குமாஸ்தா சார் ஒரு புத்தகத்திலிருந்து செய்தி கொண்டுவந்தார். ஆபிரகாம் லிங்கன் காலத்தில் 1862-ல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டத்தின்படி ஒவ்வொரு குடியானவனுக்கும் 160 ஏக்கர் கிடைக்குமாம். ஐந்து வருஷம் குடியிருந்து பயிரிட்டால் நிலம் சொந்தமாம். குத்தகைக்காரர் மகன் மணலில் விரலால் கணக்குப் போட்டான். வேலிக்கு ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் 160 ஏக்கர் என்பது சரியாக 24 வேலி. கூட்டத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு மிராசுதார் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கலானான். "எங்க வீட்டிலேயே அவ்வளவு கிடையாதுடா! இருபத்துநாலு வேலிக்காரனுக்காகவா நீ ஆறு மாசமா கண்ணீர் விடறே?" மறுபக்ஷத்தான் முகம் சுண்டிப்போயிற்று. புஞ்சைக் காட்டு 24 வேலியும் காவிரிப் பாய்ச்சல் 24 வேலியும் ஒன்றாகுமா என்று நான் மத்தியஸ்தம் செய்துபார்த்தேன். எடுபடவில்லை. 1961-ல் நம் ராஜ்யத்தில் நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியபோது குத்தகைக்காரர் மகன் பழி தீர்த்துக்கொண்டான்: "டேய், இனிமே ஸ்டாரட் நம்ம ஊருக்கு வந்தா அவன் நிலத்தையும் சர்க்கார் எடுத்துக்கும். உங்கப்பாவும் அவனும் ஒண்ணாப் போய் வக்கீலைப் பார்க்கட்டும்."

இந்தக் கலகலப்புக்கிடையே, வழக்கமாக ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பானேயன்றி அதிகம் பேசாத சைக்கிள் கடை இளைஞன் ஒரு நாள் வாய் திறந்தான். "சார், அந்த ரைக்கர், சண்டை போட்டு இந்த மண்ணைச் சரிபண்ணினேன்னு சொல்றானே, யாரோட சண்டை போட்டான்?" சிவப்பிந்தியரோடு என்று சார் சொன்னார். "அப்ப மண்ணு அவங்களுதுதானே? அவங்க பேருக்கு ஒரு மா நிலம்கூடவா எழுதி வைக்கலே?" ரைக்கருக்காகவும் ஸ்டாரட்டுக்காகவும் மாதக்கணக்கில் வாதாடிய இரண்டு வக்கீல்களிடமும் இதற்குப் பதிலில்லை. தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டு அறுத்த குடும்பத்தைச் சேர்ந்தவன், குடியிருக்கும் குடிசை மனைகூடச் சொந்தமில்லாதவன், கேட்ட கேள்வி அது. அமெரிக்க விமரிசகர்கள் இந்தப் படங்களைப் பற்றி எழுதியவற்றில் பலவற்றைப் பின்னாளில் வாசித்தேன். இவ்வளவு சுருக்கமாக எவரும் கேட்டுவிடவில்லை.

புலவருக்கு இதெல்லாம் புறத்திணையில் அடங்கிய விஷயம். பகைவர் ஆநிரையைக் கவர்வது வெட்சி. அதை மீட்டுவருவதையும் தொல்காப்பியர் வெட்சியிலேயே அடக்க, ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் அதைக் கரந்தையென்று தனித்திணையாக்கினார். மாடு மீட்டு மாண்டவனுக்கு நடுகல். இதைவிட அமெரிக்கன் புதிதாக என்ன கண்டுபிடித்தான் என்பார். நடுகல் நட்டவர்கள் மாட்டை மட்டுமே சொத்தாகக் கண்ட முல்லை நிலத்தார். வேலியும் பட்டாவும் வந்தபின் எழுந்த சண்டை மருத நிலத்துச் சண்டை என்று நான் சொன்னால், "அப்படியானால் அது நம்முடைய சண்டை" என்று முடித்துவிடுவார். அவர் விட்டுக்கொடுத்த ஒரே இடம் அதுதான்.

மருத நிலத்துச் சண்டை முழுவதும் ஒரே படத்தில் வந்து இறங்கியது, வில்லியம் வைலர் 1958-ல் எடுத்த 'தி பிக் கண்ட்ரி'யில். அவரே அடுத்த வருஷம் எடுத்த 'பென்ஹர்' சார்ல்டன் ஹெஸ்டனை எங்களூர்ப் பையன்களுக்கெல்லாம் பரிச்சயமாக்கிய பிறகுதான் இது எங்களிடம் வந்தது. அதில் ஹெஸ்டன் இரண்டாம் ஸ்தானத்தில், ஒரு பண்ணையின் தலைமைக் காரியஸ்தராக வருவதைக் கண்டு பலருக்கு ஏமாற்றம். எங்களுக்கு அந்த ஏமாற்றம் அரை மணிகூட நிலைக்கவில்லை. மேஜர் டெரில் என்ற பெரிய பண்ணைக்காரருக்கும் ரூபஸ் ஹன்னஸி என்ற முரட்டுக் கிழவருக்கும் தீராத விரோதம். இருவருடைய மாடுகளும் குடிக்கத் தண்ணீர் ஒரே ஆற்றிலிருந்துதான் கிடைக்கிறது. அந்த ஆறு ஓடும் நிலமோ இருவருக்கும் சொந்தமில்லை. ஜூலி என்ற பள்ளிக்கூட உபாத்தியாயினிக்குப் பாட்டனார் வழியில் வந்தது. இரண்டு பக்ஷத்து மாடுகளும் குடித்துக்கொள்ளட்டும் என்று அவள் விட்டிருக்கிறாள். கீழைக்கரையிலிருந்து மேஜரின் மகளை மணக்க வரும் கப்பல் தலைவன் மக்கே, அதாவது கிரிகரி பெக், அந்த நிலத்தை அவளிடமிருந்து வாங்கி, இருவருக்கும் தண்ணீர் விடுவதாக அதே வாக்கைக் கொடுக்கிறான்.

வாசகர்களில் காவிரிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதற்குமேல் கதை சொல்ல வேண்டியதில்லை. தலைமடைக்காரன் இராத்திரியில் மடையை அடைத்துவிட்டுத் தூங்குவதும், கடைமடைக்காரன் மண்வெட்டியும் அரிக்கேன் விளக்குமாகப் புறப்படுவதும், காலையில் இரண்டு ஊர்க்காரர்களும் தடியோடு மதகடியில் நிற்பதும், ஷட்டர் சாவியை வைத்திருக்கும் லஸ்கர் அன்றைக்கு மட்டும் ஜில்லாக் கலெக்டரைவிடப் பெரிய மனிதராகிவிடுவதும் எங்கள் பிள்ளைப்பிராயத்து ஆவணி மாதங்களின் சாதாரணக் காட்சிகள். மேஜரின் ஆட்கள் ஹன்னஸி வீட்டு மாடுகளைத் தண்ணீரண்டை விடாமல் துரத்தியடிக்கும் காட்சியில், தாகத்தோடு வந்த மாடுகள் திரும்பி ஓடுவதைப் பார்த்துக் கொட்டகையில் ஒரு கிழவர் எழுந்து நின்று, "பாவி, மாட்டுக்குத் தண்ணி மறிக்கலாமாடா?" என்று திரையை நோக்கிக் கூவினார். அவருக்கு இங்கிலீஷ் ஓர் அக்ஷரமும் தெரியாது.

அந்தப் படத்தின் மேல் நடந்த விவாதம் மற்றவற்றைப்போல் பக்ஷம் பிரிந்து நடக்கவில்லை. மிராசுதார் பிள்ளையே மேஜரைக் கைவிட்டான். நேர்த்தியான உடையும் நாகரிகப் பேச்சும் கொண்ட அந்தப் பிரபுவின் நெஞ்சில் ஹன்னஸிக் கிழவரிடம் இருப்பதைவிட வன்மம் அதிகம் என்பதை அவன்தான் முதலில் சுட்டிக்காட்டினான். மேஜர் வீட்டு விருந்துக்குள் அழுக்கு உடையோடு துப்பாக்கியேந்திப் புகுந்து, கூடியிருந்த கனவான்களின் முன்னால் அவரை நிற்கவைத்துக் கேட்கும் ரூபஸாக நடித்த பர்ல் ஐவ்ஸுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. மேஜர் வேஷத்தில் சார்லஸ் பிக்ஃபோர்டும் சளைத்தவரல்லர். காரியஸ்தன் ஹெஸ்டனைப் பற்றிச் சைக்கிள் கடை இளைஞன் சொன்னது இது: தப்பு என்று தெரிந்தும், மேஜர் தனியாகக் கணவாய்க்குள் குதிரையை விடும்போது மனசு கேட்காமல் பின்னாலேயே போகிறானே, அவன் முகத்தைப் பாருங்கள், எங்கள் அப்பா அப்படித்தான் பண்ணையார் பின்னால் போவார்.

கிரிகரி பெக்கைப் பற்றி மட்டும் கருத்து வேற்றுமை. எல்லோருக்கும் முன்னால் முரட்டுக் குதிரையில் ஏறச் சொன்னால் மறுத்துவிட்டு, கூட்டம் பார்க்காத சமயத்தில் விழுந்து விழுந்து எழுந்து அதை அடக்குகிறான். எல்லோரும் கோழையென்று எண்ணும்படி சண்டையைத் தவிர்த்துவிட்டு, இராத்திரியில் ஹெஸ்டனைத் தனியே வெளியில் அழைத்து அடித்துக்கொள்கிறான். அந்தச் சண்டையைக் காமிரா வெகு தூரத்தில் நின்று பார்க்கிறது. பரந்த வெளியில் இரண்டு பூச்சிகள் புரள்வதுபோல் இருக்கிறது. முடிவில், இதனால் நாம் என்ன நிரூபித்தோம் என்கிறான் பெக். வீரத்தை நாலு பேர் அறியச் செய்யாவிட்டால் அது வீரமா என்று புலவர் கேட்டார். பொய்க்கால் குதிரை வாத்தியார், தாமும் முதலில் கட்டைக்காலில் ஏறப் பழகியது கொல்லைப்புறத்தில்தான் என்றார். அத்தோடு அந்த விவாதம் தீர்ந்தது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் குமாஸ்தா சார் விடவில்லை. பெக் கொடுத்தது வாய்மொழி வாக்குத்தானே, எழுத்து எங்கே என்றார். 1924-ல் மைசூரும் சென்னையும் எழுதிக் கையெழுத்திட்ட காவிரி ஒப்பந்தத்திலேயே ஐம்பது வருஷம் கழித்து மறுபரிசீலனை என்றிருக்கிறதே, இந்த வாக்கு எத்தனை நாளைக்கு என்று கேட்டார். அந்த ஐம்பது வருஷம் 1974-ல் முடிந்ததும், 1990-ல் நடுவர் மன்றம் அமைந்ததும் எல்லோரும் அறிந்தவை.

'தி மாக்னிஃபிசென்ட் செவன்' 1960-ல் வந்தது. அறுவடையைக் கொள்ளையடிக்கும் கூட்டத்தினிடமிருந்து தங்களைக் காக்க ஏழை உழவர்கள் தலைக்கு 20 டாலர் கூலிக்கு ஏழு துப்பாக்கிக்காரர்களை அமர்த்துகிறார்கள். ஜப்பானிய அகிரா குரோசாவாவின் 1954-ஆம் வருஷத்துச் சித்திரத்தைத் தழுவியது. யுல் பிரின்னரின் மொட்டைத் தலைக்கு ரசிகர்கள் ஏராளம். எங்கள் கூட்டத்தில் அதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. களத்துமேட்டில் காவலுக்கு வரும் அடியாட்கள் உழவர் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம் எங்கள் ஜில்லாவில் எவருக்கும் இல்லாததால், குத்தகைக்காரர் மகன் அதை மாயாஜாலக் கதைகளோடு சேர்த்துவிட்டான்.

1968 டிசம்பர் 25 இரவு, அப்போது தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கீழ்வெண்மணியில், கூலி நெல் உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குள் நாங்கள் உத்தியோக நிமித்தம் பல ஊர்களுக்குப் போய்விட்டிருந்தோம். பொங்கலுக்கு வந்தவர்கள் கரையில் கூடினோம். எவரும் எந்தப் படத்தைப் பற்றியும் பேசவில்லை. சைக்கிள் கடை இளைஞன் வந்து, சிறிது நேரம் நின்றுவிட்டு, உட்காராமல் போனான். அதன்பின் ரைக்கரின் கட்சியை எடுத்துப் பேச எங்களில் ஒருவருக்கும் நாவெழவில்லை, மிராசுதார் பிள்ளைக்கும்தான். கூட்டம் அதோடு கலைந்தது என்றே சொல்லலாம்.

அதற்குப் பிறகுதான், வேடிக்கையாக, மாட்டுக்காரர்கள் தமிழ் பேச ஆரம்பித்தார்கள். ஒளிப்பதிவாளரான கர்ணன் டைரக்ட் செய்து ஜெய்சங்கர் நடித்த 'காலம் வெல்லும்' 1970-லும், 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகியவை 1972-லும் வந்தன. 'காலம் வெல்லு'மில் நிலப்பிரபுவால் வதைக்கப்பட்ட உழவன் கொள்ளைக்கூட்டத்தில் சேருகிறான். கர்ணன் ஹாலிவுட் தொப்பிக்குள் நம்மூர் வழக்கை வைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். அவருடைய குதிரைக் காட்சிகளின் வேகத்தை இன்றும் மெச்சலாம். தெலுங்கில் கே. எஸ். ஆர். தாஸ் 1971-ல் கிருஷ்ணாவை வைத்து எடுத்த மாட்டுக்காரப் படமும் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. 'மெக்கென்னாஸ் கோல்டு' 1969-ல் வெளியாகி, நம் நாட்டில் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓடிற்று. தங்கம் தேடுகிறவர்களுக்கு மண்ணின் மேல் என்ன அக்கறை என்று நான் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். என் பிள்ளைகள் காலத்தில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும், இத்தாலியர் படைத்த டெக்ஸ் வில்லரையும் பிரெஞ்சு மொழியில் பிறந்த கேப்டன் டைகரையும் தமிழ்நாட்டுப் பிரஜைகளாகவே ஆக்கிவிட்டன.

செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்', குமாஸ்தா சார் பார்த்திருக்க வேண்டிய படம். 1968-ல் வந்த அதில், நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமென்பதாலேயே பாலைவனத்துக் கிணறொன்று கொலைக்குக் காரணமாகிறது. ரயிலும் தண்ணீரும் ஒரே வழக்கில். அது என் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

மேல்நாட்டு விமரிசகர்கள் ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' படத்தைத்தான் இவ்வகையில் தலைசிறந்தது என்று வைத்திருக்கிறார்கள். அவர்கள் மதகடியில் நின்றதில்லை. என் தீர்ப்பில் முதலிடம் 'தி பிக் கண்ட்ரி'க்குத்தான், இரண்டாவது 'ஷேன்'. பழைய படங்களெல்லாம் வீட்டிலேயே கிடைக்கிற காலம் இது. மேலத்தஞ்சையோ கீழத்தஞ்சையோ, தலைமடையோ கடைமடையோ, ஒரு மா நிலம் வைத்திருப்பவர்கள்கூட, ஜூன் மாதம் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.